இந்த மாதம் இரண்டு பேர்

மாதம் பிறந்தால் முதல் நாளே ஜமீர் ஓர் அறிக்கை எழுதி வெளியிடுவான். எழுது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், வேறு வேலை இல்லாமல் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. அம்மா இறந்த மாதத்திலும் எழுதினான்.

பிளாக்செயின் என்றதும் எல்லாருக்கும் பணம்தான் ஞாபகத்துக்கு வரும். ஜமீர் பழகியது வேறு வகை. மனிதர்கள் எழுதுவது, படம் போடுவது, ஒருவருக்கொருவர் பதில் சொல்வது எல்லாம் பதிவாகிற சங்கிலி அது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. ஒருமுறை ஏறியதை யாராலும் அழிக்க முடியாது. அந்தச் சங்கிலியின் மேல் ஆளாளுக்குச் சின்னச் சின்னச் செயலிகள் கட்டி வைத்திருந்தார்கள். சமையல் குறிப்பு எழுத ஒன்று, சதுரங்கம் ஆட ஒன்று, தினம் எத்தனை அடி நடந்தோம் என்று பதிய ஒன்று, இப்படி இருபத்தேழு. எந்தச் செயலியை மாதத்தில் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், போன மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று கணக்கெடுப்பதுதான் ஜமீரின் அறிக்கை. மனிதரைப்போல நடிக்கும் எந்திரக் கணக்குகளை முதலில் களைய வேண்டும். மிச்சமிருப்பவர்களை எண்ண வேண்டும். பட்டியல் போட்டு, ஏறியதற்குப் பச்சை அம்பும் இறங்கியதற்குச் சிவப்பு அம்பும் வைக்க வேண்டும். சமீப காலமாகப் பச்சைக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது.

பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மாடியில் அவன் குடியிருந்தான். கீழே அத்தா நடத்திய பாத்திரக் கடை இருந்த இடத்தை ஒரு பிளாஸ்டிக் வியாபாரி குடோனாக எடுத்திருந்தார். வாரத்துக்கு ஒருநாள் வந்து ஷட்டரைத் தூக்குவார். அக்கா மஹீரா கல்யாணமாகி ஆம்பூரில் இருந்தாள். ஜமீருக்கு முப்பத்தேழு வயது. நிச்சயம் வரைக்கும் வந்த ஒரு சம்பந்தம் கலைந்துபோன பிறகு, அடுத்ததை யார் பார்ப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நாள் ஓடிவிட்டது. வீட்டிலிருந்தே ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்த்தான். கூட்டமெல்லாம் எழுத்திலேயே நடக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவான். தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, இரண்டு பேருக்கு சலாம் சொல்லி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிடுவான். சில நாள் யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு வாயைத் திறந்து பேசியது மெஸ்ஸில் கேட்ட ‘நாலு இட்லி, ஒரு வடை’ மட்டும்தான் என்று தெரியவரும்.

இருபத்தேழு செயலிகளில் ஒன்றின் பெயர் ‘இன்னிக்கு’. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த வினோத் என்பவன் கட்டியது. ஒரு நாளைக்கு ஒரு படம், அதன் கீழே ஒரே ஒரு வரி. அவ்வளவுதான் விதி. வந்த புதிதில் அறுநூற்று நாற்பது பேர் இருந்தார்கள். படம் போட்டால் கிடைக்கும் டோக்கன் என்ற இணையக் காசுக்கு அப்போது நல்ல மதிப்பு. மதிப்பு விழுந்தது, ஆட்களும் விழுந்தார்கள். தொண்ணூறு, முப்பத்தொன்று, ஒன்பது. பிறகு இரண்டு. அந்த இரண்டில் ஒருவன் ஜமீர். இன்னொருவர் ‘அண்ணனூர்58’.

‘அண்ணனூர்58’ போடுவதெல்லாம் அண்ணனூர் படங்கள். ஸ்டேஷன் நடைமேம்பாலத்திலிருந்து எடுத்த தண்டவாளம், ஷெட்டுக்குள் போகும் காலி மின்சார ரயில், நீல நிற கேட், முருங்கை மரம். ஒரு காலி ரயிலின் கீழே, ‘இதுல ஒரு ஆளும் இல்ல’ என்று எழுதியிருந்தது. ஜமீர் முதன்முதலாக அதற்குத்தான் பதில் போட்டான். ‘ஷெட்டுக்குப் போற வண்டி. ஏறினா இறங்க முடியாது.’ மறுநாள் பதில் வந்தது: ‘ம்.’

அந்த ஒற்றை எழுத்தில் ஆரம்பித்தது. காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு உட்காரும்போது முதல் காரியமாக அந்தப் படத்தைத் திறப்பான், ஏதாவது எழுதுவான். என்ன எழுதுவது என்று தெரியாத நாட்களில், ‘இன்னிக்கு என்ன கொழம்பு?’ என்று கேட்பான். ‘வெண்டைக்கா.’ ‘வத்தக்கொழம்பு.’ ‘நேத்து வெச்சதே.’ இப்படிப் பதில் வரும். ஒருமுறை, கழுவிக் கவிழ்த்த மூன்று தட்டுகளின் படம். கீழே, ‘ரெண்டு தான் வேணும்.’ அன்றைக்கு ஜமீருக்குக் குழம்பைக் கேட்கத் தோன்றவில்லை. வெகுநேரம் யோசித்து, ‘எங்க வீட்ல ஒண்ணு தான்’ என்று எழுதினான். அதற்குப் பதில் வரவில்லை. மறுநாள் வழக்கம்போல ரயில் படம்.

ரயில் படங்களைப் பார்த்து, அது ரிட்டயரான ரயில்வேக்காரர் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். ஒரு மோட்டார்மேன். ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றவர். முகத்தைக்கூட மனதில் வரைந்துவிட்டான்: நரைத்த மீசை, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. வயதானவர் என்பதால் சுருக்கமாகப் பேசுகிறார்.

அக்டோபர் பதினேழாம் தேதி, ‘மழ வரும்போல’ என்று மேகப் படம் ஒன்று வந்தது. பதினெட்டாம் தேதி எதுவும் வரவில்லை.

மழை உண்மையிலேயே வந்தது. நான்கு நாள் விடாமல் கொட்டியது. ஊரெல்லாம் தண்ணீர், நெட்வொர்க் இருக்காது என்று ஜமீர் சமாதானம் சொல்லிக்கொண்டான். தண்ணீர் வடிந்தது. படம் வரவில்லை. மாத அறிக்கையில் ‘இன்னிக்கு’ வரிசையில் இரண்டு என்றே போட்டான்; மாதத்தில் ஒருநாள் வந்திருந்தாலும் கணக்கில் சேரும் என்பது விதி. நவம்பர் முழுக்க ஒன்பது மணிக்குத் திறந்து பார்த்தான். நவம்பர் அறிக்கையில் ஒன்று என்று போட வேண்டியிருந்தது. அந்த ஒன்று அவனேதான். எத்தனையோ கணக்குகள் ஓய்ந்ததை எண்ணி எழுதியவன், இந்த ஒன்றை எழுத அரை நாள் எடுத்துக்கொண்டான்.

டிசம்பர் முதல் வாரத்தில் வினோத்திடமிருந்து செய்தி வந்தது. அவன் இப்போது ஹைதராபாத்தில் இருந்தான்.

‘ப்ரோ, முப்பத்தொண்ணாம் தேதியோட சர்வர நிறுத்திடறேன். ரெண்டு பேர் கீறாங்களேன்னுதான் இம்மா நாள் ஓட்னேன். இப்ப நீங்க மட்டும்தான். தப்பா எடுத்துக்காதீங்க.’

‘படங்கள்லாம்?’

‘அது செயின்ல அப்படியே இருக்கும் ப்ரோ, எங்கயும் போவாது. பாக்கறதுக்கு ஜன்னல்தான் இருக்காது.’

ஜமீர் ‘சரி ப்ரோ’ என்று எழுதினான். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மாடிக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் போய் நின்றான். தூரத்தில் மெட்ரோ தூண்களின் வரிசை தெரிந்தது. அந்தப் பெரியவருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். உயிரோடு இருந்தால் சொல்லலாம். இல்லையென்றால், வீட்டில் யாரிடமாவது அவர் இத்தனை படம் எடுத்து வைத்திருக்கிறார் என்று சொல்லலாம். ஒருவரைத் தேடிப் போவதற்கு அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காரணம் இல்லாமல் அவன் எங்கேயும் போனதில்லை.

அவர் போட்டிருந்த நானூற்றுப் பதினொரு படங்களையும் மறுபடி பார்த்தான். இந்த முறை படத்தில் இருந்ததை விட்டுவிட்டு, பின்னால் இருந்ததைப் பார்த்தான். ஒரு படத்தின் ஓரத்தில் தையல் கடைப் பலகை, பாதி மட்டும்: ‘…தாம்பாள் டைலர்ஸ்’. இன்னொன்றில் நீல கேட்டின் மேல் 58 என்ற எண். ஆக அது வயதல்ல, வீட்டு எண்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்தான். வேலப்பன்சாவடி தாண்டி, அயனம்பாக்கம் ஏரியை ஒட்டி, அயப்பாக்கம் வழியாக அண்ணனூர். ஏரி நிரம்பிக் கிடந்தது. ஸ்டேஷன் பக்கத்தில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் போனைக் காட்டினான்.

“அண்ணாத்தே, இந்த டைலர் கடை எங்க கீது?”

அவர் கேனைத் தோளிலிருந்து இறக்காமலே எட்டிப் பார்த்தார். “ஜெகதாம்பாள் அக்கா கடை. ரெண்டாவது லெப்ட்டு. ஆனா ஞாயித்துக்கெயம லீவாச்சே.”

“கடை வேணாம். இந்த நீல கேட்டு…”

“அதுவா? ஆவடி ஓசிஎஃப் துணி பேக்டரில வேல பாத்தாரே, ரகுநாதன் சார் ஊடு. கடைக்கு எதுத்தாப்ல. இன்னா விஷயம்?”

“தெரிஞ்சவங்க,” என்றான் ஜமீர். சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

கேட் திறந்தே இருந்தது. முருங்கை மரம் இருந்தது. படத்தில் பார்த்ததைவிடக் குட்டை. வெளியே வந்தவர் பனியனும் வேட்டியுமாக ஒல்லியான மனிதர். மீசை இல்லை.

“ரகுநாதன் சார்?”

“ஆமா. நீங்க?”

“பூந்தமல்லில இருந்து வரேன் சார். ஜமீர். நீங்க தெனமும் படம் போடுவீங்களே, ‘இன்னிக்கு’ன்னு ஒரு ஆப்புல…”

ரகுநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே திரும்பி, “பார்வதம், இங்க வா. யாரோ ஆப்புங்காங்க,” என்றார்.

ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்தாள். அறுபதை நெருங்கும் வயது, நெற்றியில் பெரிய பொட்டு, வாசலில் கழற்றிவிட்ட புத்தம் புது ஷூ. இப்போதுதான் நடந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. ஜமீர் போனை நீட்டினான். மேகப் படம் திறந்திருந்தது.

“அட, இது நான் எடுத்ததுல்லா!” என்றாள் பார்வதம். “இது எப்படி உங்க போன்ல வந்துச்சு?”

“நீங்களாம்மா அண்ணனூர் ஐம்பத்தெட்டு?”

“எம்மவன் கௌதம்தான் கனடாவுக்குப் போகும்போது போட்டுக் குடுத்தான். சும்மா உக்காந்து அழாதம்மா, தெனம் ஒரு படம் எடுத்துப் போடுன்னான். மழையில போன் தண்ணிக்குள்ள விழுந்துட்டு. புதுப் போன் வாங்குனோம். இதுல அது வரல. ஏதோ சாவி கேக்குது. அந்த நீள எழுத்த நான் எங்க எழுதி வெச்சேன்? விட்டுட்டேன்.”

அவ்வளவுதான் நடந்தது. மழையும் ஒரு போனும். இரண்டு மாதமாக ஜமீர் அந்த மோட்டார்மேனை மனதுக்குள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தான். இரண்டொரு நாள் அடக்கமே செய்திருந்தான்.

“நான்தாம்மா அதுக்கெல்லாம் பதில் போட்டது,” என்றான். “காலையில.”

பார்வதம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“என்னங்க, கேட்டீங்களா? அந்த மிஷினு இவருதானாம்!”

“மிஷினா?” என்றான் ஜமீர்.

“தப்பா நெனைக்காதீங்க தம்பி. சரியா ஒம்போது அடிச்சா வரும். என்ன கொழம்பு, என்ன கொழம்புன்னு அதே கேள்வி. கௌதம்கிட்ட சொன்னேன். அது ரோபோம்மா, கம்ப்யூட்டர் தானா எழுதும், ஆளுங்க போயிடக் கூடாதுன்னு வெச்சிருப்பாங்கன்னான். நானும் மிஷினுன்னே நெனச்சிட்டேன். மிஷினா இருந்தா என்ன, கேக்குதேன்னு பதில் போடுவேன்.”

ஜமீரும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது? ஆயிரக்கணக்கான கணக்குகளைப் பார்த்து, இது ஆள், இது எந்திரம் என்று பிரித்துப் பிரித்து அறிக்கை எழுதியவன். ஒரே நேரத்தில், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிற கணக்கை அவனே முதலில் களைந்துபோட்டிருப்பான். அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். முறுக்குத் தட்டை முன்னால் நகர்த்தினாள். பூந்தமல்லியில் எங்கே, வீட்டில் யார் யார், கல்யாணம் ஆயிற்றா என்று வரிசையாகக் கேட்டாள். அவன் வந்த காரியத்தைச் சொன்னான்: சாவி போனால் போனதுதான், கணக்கை இனி யாராலும் திறக்க முடியாது; முப்பத்தொன்றாம் தேதியோடு படங்களைப் பார்க்கவும் வழி இருக்காது.

“போகட்டும் தம்பி. அதுல என்ன இருக்கு, ரயிலும் கேட்டும்,” என்றாள்.

“எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கட்டுமாம்மா? நானூத்திப் பதினொண்ணு.”

“அம்புட்டா எடுத்தேன்?” அவன் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மூன்று தட்டுப் படத்தில் விரல் நின்றது. “இத எதுக்கு எடுத்தேன்னே தெரியலையே.”

ஜமீருக்குத் தெரியும். படத்தின் தேதிப்படி, கௌதம் போய் ஒரு மாதம்கூட ஆகாத நாள் அது. பழக்கத்தில் மூன்று தட்டு கழுவியிருக்கிறாள். அவன் சொல்லவில்லை. அதற்குள் அவளுடைய புதுப் போன் கத்தியது. தெருப் பெண்களின் நடைக் குழுவாம். நாற்பத்து மூன்று பேர். அடுத்த வாரம் எல்லாரும் வேன் பிடித்துத் திருவள்ளூர் போகிறார்களாம். யார் சுண்டல் கொண்டுவருவது என்று ஒரே சண்டை. பார்வதம் அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் போனில் குரல் செய்தி பேசிக்கொண்டே அடுக்களைக்குள் போனாள்.

கேட் வரைக்கும் ரகுநாதன் கூட வந்தார். வந்ததிலிருந்து அவர் அதிகம் பேசவில்லை. ஸ்கூட்டர் அருகே வந்ததும் பேச ஆரம்பித்தார்.

“குவார்ட்டர்ஸ்ல முப்பது வருசம் இருந்தோம் தம்பி. ரிட்டயராகி இங்க வந்தப்ப அவளுக்கு ஒரு ஆளும் தெரியாது. பையனும் போயிட்டான். அந்த ஒரு வருசம் ரொம்ப மோசம். என்கூடயே பேச மாட்டா.”

“படத்துலயே தெரியும் சார்.”

“இப்ப நல்லாயிட்டா. அதான் மறந்துட்டா.” பிறகு, “அவ உங்கள மிஷினுன்னு சொன்னத மனசுல வெச்சிக்காதீங்க,” என்றார்.

“இல்ல சார். நல்லாருக்காங்களே, அது போதும்.”

அது போதாது என்பது அயப்பாக்கம் வருவதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் நன்றாக இருப்பதில் அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆனால் ஒன்றரை வருடமாக அந்தப் பக்கமும் தன்னைப்போல ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்திருந்தான். அந்த நினைப்பில்தான் ஒன்பது மணிக்கு எழுந்து உட்கார முடிந்தது. அங்கே இருந்தவர் எப்போதோ எழுந்து போய்விட்டார். ஏரிக் கரையில் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். படம் எடுக்கத் தோன்றவில்லை. அன்றைக்கு ‘இன்னிக்கு’வில் ஒன்றும் போடவில்லை, மறுநாளும் போடவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி மாலை பக்கத்தைத் திறந்தபோது, ‘இந்தத் தளம் கிடைக்கவில்லை’ என்று வந்தது. வினோத் சொன்ன நேரத்துக்கு நிறுத்தியிருந்தான்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலை அறிக்கை எழுத உட்கார்ந்தான். செயலிகள் இருபத்தாறு. சதுரங்கம் கொஞ்சம் ஏறியிருந்தது. பச்சை அம்பு வைத்தான். நடைச் செயலி இறங்கியிருந்தது. பட்டியலுக்குக் கீழே குறிப்புகள் எழுதும் இடத்தில், ‘இன்னிக்கு டிசம்பர் 31 உடன் நிறுத்தப்பட்டது’ என்று எழுதினான். வேறு எந்தச் செயலிக்கும் அதற்கு மேல் எழுதியதில்லை. இதற்கு மட்டும் இன்னொரு வரி சேர்த்தான்: ‘அதைக் கடைசியாக விட்டுப் போனவர் நலமாக இருக்கிறார்.’ படிப்பவர்களுக்கு அது என்ன விளங்கும் என்று தெரியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று வெளியிட்டான்.

மதியத்துக்குள் நான்கு பேர் பதில் போட்டிருந்தார்கள். சதுரங்கம் ஏன் ஏறியது என்று ஒருவர் கேட்டிருந்தார். மற்றவர்கள் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். அந்த வரியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜமீர் கம்ப்யூட்டரை மூடிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தான். எப்போதும் அவள்தான் செய்வாள், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு. இன்றைக்குப் புதன்கிழமை.

முதல் மணியிலேயே எடுத்தாள். “இன்னாடா? இன்னா ஆச்சு? ஒடம்புக்கு இன்னா?”

“ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான் பண்ணேன்.”

“சும்மா நீ என்னிக்குடா பண்ணியிருக்கே? உண்மைய சொல்லு. சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். இட்லி.”

“மதியத்துக்கு இட்லியா?”

“காலையில சாப்ட்டத சொன்னேன்.” ஜமீருக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அண்ணனூரிலிருந்தா, மழையிலிருந்தா? “அக்கா, போன மாசம் ஒருத்தங்க ஊட்டுக்குப் போயிருந்தேன்.”

“யாரு ஊட்டுக்கு?” அவள் குரலில் உடனே ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. “பொண்ணு ஊடா?”

“அய்ய, இல்லக்கா. வயசானவங்க. தெரிஞ்சவங்க மாதிரி.”

“மாதிரின்னா?”

“அத சொல்லத்தான்…”

“இரு, இரு, அடுப்புல பால் பொங்குது. வெச்சிடாத, வந்துடறேன்.”

போனை எங்கேயோ வைத்த சத்தம் கேட்டது. பிறகு ஆம்பூர் வீட்டின் சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. குழாய் திறந்திருந்தது. சின்னவன் எதற்கோ கத்தினான். பெரியவள் பதிலுக்குக் கத்தினாள். ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டு ஓய்ந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். மஹீரா போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வர வெகுநேரம் ஆகும்போலிருந்தது. ஜமீர் போனைக் காதில் வைத்தபடி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.